இலவசப் பரிசோதனை முகாம்களால் ஒரு சமூகத்தின் பல் நலம் உயருமா?

“ஒரு சமூகம் முழுவதற்கும் பல் சிகிச்சை எட்ட வேண்டுமானால் எங்கே தொடங்க வேண்டும், ஆண்டுக்கொரு முகாம் போதுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. முகாம்களிலேயே பல ஆண்டுகளைக் கழித்த பல் மருத்துவன் என்ற முறையில் சற்று வருத்தத்தோடுதான் இதைச் சொல்கிறேன். காலையிலிருந்து மாலைவரை வரிசையாக வாய்களைப் பார்ப்போம். சொத்தை, ஈறு வீக்கம், ஆடும் பல் என்று சீட்டில் எழுதி, மருத்துவமனைக்கு வரச் சொல்லி அனுப்புவோம். அப்படி வந்து சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று நானும் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை, முந்தைய ஆண்டு நான் எழுதிக்கொடுத்த சீட்டையே நான்காக மடித்துப் பத்திரமாக எடுத்துவந்த ஓர் அம்மா, “சீட்டைத் தொலைக்கவில்லை டாக்டர், வேலையை விட்டுவிட்டு வர ஒரு நாள்தான் கிடைக்கவில்லை” என்றார். நிரப்பிக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்தப் பல்லை அன்று பிடுங்க வேண்டியதாயிற்று.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, ஏறக்குறைய 350 கோடிப் பேருக்கு ஏதோவொரு வாய் நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இத்தனை பேரையும் நாற்காலியில் சாய்த்து, துளையிட்டு, அடைத்து முடிக்க எந்த நாட்டிலும் மருத்துவர்கள் இல்லை. ஆகவே சொத்தை விழுவதற்கு முன்பே தடுப்பதைத்தான் முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.

சர்க்கரை வாய்க்குள் போனதும் பல்லில் படிந்திருக்கும் பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்குகின்றன. அமில-காரக் குறியீடு (pH) சுமார் 5.5க்குக் கீழே இறங்கும்போது பல்லின் கடினமான மேலுறையாகிய பற்சிப்பியிலிருந்து தாதுக்கள் கரைந்து வெளியேறுகின்றன. பிறகு உமிழ்நீர் அவற்றை மெல்லத் திருப்பித் தருகிறது. இந்தப் போக்குவரத்தில் வரவைக் கூட்டிக்கொடுப்பது பல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஃபுளோரைடு. அதனால்தான், பத்து லட்சத்தில் 1000 முதல் 1500 பங்கு ஃபுளோரைடு உள்ள பற்பசையால் தினமும் இருமுறை துலக்குவதைப் போலப் பலன் தரும் எளிய தடுப்புமுறை வேறில்லை என்கிறேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணியளவு, ஆறு வயதுவரை பட்டாணியளவு பசை போதும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதுமே தவிர, தண்ணீரால் பலமுறை கொப்பளித்து ஃபுளோரைடைக் கழுவிவிடக் கூடாது. இதை வீட்டுக்கு வீடு அறிவுரையாகச் சொல்வதைவிட, ஸ்காட்லாந்தின் ‘சைல்டுஸ்மைல்’ திட்டம்போல மழலையர் பள்ளியிலேயே ஆசிரியர் முன்னிலையில் தினமும் துலக்க வைப்பது மேல். அங்கே அந்தச் செலவை விடச் சிகிச்சையில் மிச்சமானது அதிகம்.

குடிநீரிலேயே ஃபுளோரைடு கலக்கும் வழியும் உண்டு. அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் 1945இல் அதைத் தொடங்கிவைத்தது. ஆனால் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இயற்கையாகவே ஃபுளோரைடு உள்ள நிலத்தடி நீரைக் குடிக்கும் மக்களுக்கு அதைக் குறைப்பதுதான் தேவை என்பதால், நீரைச் சோதிக்காமல் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

அடுத்து, யார் செய்வது என்ற கேள்வி. பல் மருத்துவர்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் பெரும்பாலும் எங்கள் தொழிலினரே. நியூசிலாந்து 1921லேயே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்கவென்று பல் செவிலியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிவிட்டது. இன்று வேலை இன்னும் எளிதாகியிருக்கிறது. சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தூரிகையால் தடவினால், பல்லின் நரம்புவரை போகாத பல சொத்தைகள் வலியின்றி அப்படியே நின்றுவிடும். தடவிய இடம் கறுத்துவிடும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் பெற வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே சண்டை வரும். மின்சாரமோ துளைக்கருவியோ இல்லாமல், கைக்கருவிகளால் சொத்தையைச் சுரண்டி எடுத்துக் கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் உருவானது. இந்தத் திரவம், இந்தச் சிமெண்ட், ஃபுளோரைடு பற்பசை ஆகிய மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் ஒருவர், மருத்துவரின் மேற்பார்வையில், வகுப்பறை மேசையருகே இவற்றையெல்லாம் செய்துவிட முடியும்.

வகுப்பறையை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆறு வயதையொட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. பெற்றோர் பலர் அதையும் விழுந்து முளைக்கும் பால் பல் என்றே எண்ணிவிடுவதால், வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல் முதலில் கெட்டுப்போகிறது. முளைத்தவுடன் அதன் பள்ளங்களை மூடிவிட்டால் பெரும் பகுதி தொல்லை தீர்ந்தது.

பெரியவர்களுக்கும் இதே வழிதான்: அவர்கள் எதற்காக ஏற்கெனவே வந்து நிற்கிறார்களோ அங்கேயே வாயையும் பார்ப்பது. ஈறு நோயும் நீரிழிவும் ஒன்றையொன்று மோசமாக்கும் என்பதால் சர்க்கரை நோய்ப் பிரிவிலும், கர்ப்பிணிகள் வரும் நாளிலும், தடுப்பூசி போடும் இடத்திலும் வாயைப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்குப் பணியாளர்தான் வீடு தேடிப் போக வேண்டும். மாலை நேரத்திலும் விடுமுறை நாளிலும் திறந்திருக்கும் ஒரே ஒரு பல் பிரிவு, பத்து விழிப்புணர்வுச் சுவரொட்டிகளால் ஆகாததைச் செய்யும். புகையிலையையும் சர்க்கரைப் பானங்களையும் கட்டுப்படுத்துவது அரசுகளின் பொறுப்பு. அதை நாற்காலியருகே நின்று எங்களால் செய்துவிட முடியாது.

இவ்வளவுக்கும் பணமில்லை, ஒரு முகாமுக்கான தொகைதான் கையில் இருக்கிறது என்றால், அதை ஒரு பள்ளியின் ஓராண்டுப் பற்பசைக்கும் தூரிகைகளுக்கும் செலவிடுங்கள். முகாம் நடத்தியே ஆக வேண்டுமென்றால், அடைப்பதையும் பிடுங்குவதையும் அன்றே அங்கேயே முடிக்க ஏற்பாடு செய்யுங்கள். முடியாதவர்களுக்கு, அவர்களால் வர முடிகிற நாளை அவர்களிடமே கேட்டு, சீட்டில் அந்தத் தேதியையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள்.