ஸ்ட்ராட் வகை கிட்டாருக்கு எந்த பிக்கப் வாங்கினால் நான் நினைக்கும் டோன் கிடைக்கும்?

கேள்வி கேட்டவரிடம் மூன்று சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள ஸ்ட்ராட் வகை (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாணி) கிட்டார் இருக்கிறது. பிக்கப் என்பது ஸ்ட்ரிங்கின் ஆட்டத்தை மின் சிக்னலாக மாற்றும் பாகம். மேடையில் சினிமாப் பாட்டு, வீட்டில் கொஞ்சம் ஹார்ட் ராக். பிரிட்ஜ் பிக்கப், அதாவது ஸ்ட்ரிங் முடியும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது, கீச்சென்று காதில் குத்துகிறதாம். மாற்றுவதென்றால் 8 கிலோ ஓம் வாங்குவதா, 16 கிலோ ஓம் வாங்குவதா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த ஓம் கணக்கை ஓரமாக வைத்துவிடுங்கள். இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால் நானும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன். பெரிய எண் என்றால் பெரிய சத்தம் என்று நினைத்து, 16 கிலோ ஓம் போட்டிருந்த ஒரு செராமிக் காந்த ஹம்பக்கரை (இரண்டு சுருள் பிக்கப்) பிரிட்ஜில் பொருத்தினேன். வீட்டில் டிஸ்டார்ஷன் போட்டு வாசித்தபோது நெஞ்சில் வந்து மோதியது. அந்த வாரமே திண்டுக்கல் பக்கம் ஒரு திருவிழாக் கச்சேரி. மூன்றாவது பாட்டு முடிந்ததும் கீபோர்டு வாசிக்கும் தம்பி என் பக்கம் சாய்ந்து, "அண்ணே, கிட்டார் வெளியவே வரலையே" என்றான். வால்யூம் குறைவாக இல்லை. கிளீன் டோனில் கார்டு அடித்தால் ஆறு ஸ்ட்ரிங்கும் ஒன்றோடொன்று குழைந்து, கீபோர்டு நிரப்பியிருந்த அதே நடுச் சுரப் பகுதியில் போய் அமுங்கிக்கொண்டது. ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தனித்தனியாகக் கேட்கும் அந்தப் பளபளப்பு போய்விட்டது.

ஏன் அப்படி ஆனது? பிக்கப்புக்குள் இருப்பது காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடி கனத்தில் ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய செம்புக் கம்பியும்தான். மேலே ஸ்டீல் ஸ்ட்ரிங் ஆடும்போது காந்தப் புலம் அசைந்து, சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்பில் ஏறக்குறைய 8,000 சுற்றுகள் இருக்கும். மீட்டர் வைத்தால் 6 கிலோ ஓம் காட்டும். சுற்றைக் கூட்டினால் சிக்னல் ஏறும். ஆனால் அதோடு இண்டக்டன்ஸும் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் தன்மை) ஏறும், உச்சத்தில் இருக்கும் மினுமினுப்பு கீழே இறங்கும். நான் காசு கொடுத்து வாங்கியது அதைத்தான்.

ஓம் என்பது அந்தக் கம்பியின் மின்தடை மட்டுமே. அதே சுற்றை இன்னும் மெல்லிய கம்பியில் சுற்றினாலும் எண் ஏறிவிடும். கிரெட்ச் கிட்டார்களில் வரும் ஃபில்டர்ட்ரான் ஒரு ஹம்பக்கர், அளந்தால் 4 கிலோ ஓம் சுமார்தான் இருக்கும். அதைக் கேட்டவர்கள் யாரும் பலவீனமான பிக்கப் என்று சொல்ல மாட்டார்கள். ஆக, ஒரே கம்பெனியின் ஒரே வகைப் பிக்கப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் அந்த எண் உதவும், வேறு எதற்கும் உதவாது.

இப்போது கையில் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். எதையும் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. சமீபத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் தன் கிட்டாரைக் கொண்டுவந்து, "ட்யூனிங் நிக்கவே மாட்டேங்குது, பிக்கப்பும் மாத்தணும்" என்றான். ஆறாவது ஸ்ட்ரிங்கைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால், ஒரே சுரம் இரண்டாகப் பிளந்து நடுங்கியது. ட்யூனரின் முள்ளும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப்பைப் பார்த்தேன். ஸ்ட்ரிங்கைத் தொடாத குறையாக ஏறி நின்றது. ஸ்ட்ராட்டில் அந்தச் சிறு கம்பங்களே காந்தங்கள், அதனால் மிக அருகில் வந்தால் ஸ்ட்ரிங்கை இழுத்துப் பிடித்து, சீராக ஆட விடாது. இரண்டு ஸ்க்ரூவையும் இடப்பக்கம் மூன்று சுற்று திருப்பினேன். அதே சுரத்தை மறுபடி மீட்டினான். நீண்டு, நேராக நின்றது. அவன் பிக்கப் மாற்றவில்லை.

கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு, அதன் அடிப்பக்கத்துக்கும் காந்தத்தின் தலைக்கும் இடைவெளி பாருங்கள். கனத்த ஸ்ட்ரிங் பக்கம் இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் இரண்டு மில்லிமீட்டர். அங்கிருந்து தொடங்கி, கால் சுற்று கால் சுற்றாக ஏற்றி இறக்கிக் காதால் முடிவு செய்யுங்கள். உங்கள் பிரிட்ஜ் பிக்கப்பை மெல்லிய ஸ்ட்ரிங் பக்கம் மட்டும் கொஞ்சம் இறக்கினாலே அந்தக் கீச்சு பாதி அடங்க வாய்ப்பிருக்கிறது. அப்புறம் வயரிங்கையும் பாருங்கள். பழைய ஸ்ட்ராட் வயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழ் இணைப்பே கிடையாது. ஒரு சின்னக் கம்பியைப் பற்றவைத்து இரண்டாவது டோன் குமிழை அதற்கும் கொடுத்துவிடலாம். ஸ்ட்ராட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய வேலை என்பேன்.

இதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லையா? சரி, வாங்கலாம். என்ன குறைகிறது என்பதை மட்டும் சொல்லத் தெரிய வேண்டும்.

இரைச்சல்தான் பிரச்சினை என்றால் ஹம்பக்கர். அது பிறந்ததே அதற்காகத்தான். கிப்சனில் வேலை பார்த்த செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957இல் லெஸ் பால் கிட்டார்களில் வரத் தொடங்கியது. சில வருடங்கள் அதன் அடியில் "காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்" என்று ஆங்கிலத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். இன்றும் எல்லோரும் சொல்லும் பிஏஎஃப் (பேட்டன்ட் அப்ளைடு ஃபார்) என்ற பெயர் அந்த ஸ்டிக்கரிலிருந்து வந்தது. இரண்டு சுருள்கள், காந்த முனைகளும் சுற்றும் ஒன்றுக்கொன்று எதிர். வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஸ்ட்ரிங்கின் ஒலி கூடிக்கொள்ளும். நம் ஊர்த் திருவிழா மேடையில் இது சாதாரண வசதி இல்லை. ஒரு பக்கம் ஜெனரேட்டர், தலைக்கு மேல் சீரியல் லைட், பக்கத்திலேயே டிம்மர். சிங்கிள் காயிலோடு அங்கே நின்றால் பாட்டு நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஊம்ம்ம் என்று கேட்கும். கிட்டாரைப் பிடித்தபடி மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஏதாவது ஒரு திசையில் அது குறையும். அந்தப் பக்கம் பார்த்து நின்றே பல கச்சேரிகளை ஓட்டியிருக்கிறேன்.

டிஸ்டார்ஷனில் உடம்பு போதவில்லை என்றாலும் ஹம்பக்கர்தான், ஆனால் மிதமானது. ராக் கிட்டாரிஸ்ட் எட்டி வான் ஹேலன் தன் ஆரம்ப காலக் கிட்டாரில் போட்டிருந்தது கிப்சன் இஎஸ்-335இலிருந்து எடுத்த சாதாரண பிஏஎஃப். அந்தக் கனம் முழுக்க ஆம்பிலிருந்தும் விரலிலிருந்தும் வந்தது. அல்னிகோ காந்தம் (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்தது), அந்த பிஏஎஃப் மாதிரி மிதமான சுற்று, இப்படி ஒன்று இருந்தால் ஹார்ட் ராக்குக்கு ஏராளம். முழு மெட்டல்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் செராமிக்கோ, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்போ சரியாக வரும். நீங்கள் சொன்ன பாட்டுகளுக்கு அது வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் பி-90 இருக்கிறது. கிப்சன் 1946இல் கொண்டுவந்த, அகலமாகச் சுற்றிய சிங்கிள் காயில். சற்று உறுமும், நடுச் சுரங்கள் முன்னால் வந்து நிற்கும். எனக்கு மிகப் பிடித்த பிக்கப் அதுதான். ஆனால் ஹம் அடிக்கும் என்பதால் மேடைக்கு நான் எடுத்துப் போவதில்லை.

நடு பிக்கப்பையும் நெக் பிக்கப்பையும் தயவுசெய்து தொடாதீர்கள். சினிமாப் பாட்டில் வரும் அந்தச் சிக்கு-சிக்கு ஸ்ட்ரம்மிங்குக்கும், மழைத் துளி மாதிரி விழும் ஆர்ப்பீஜியோவுக்கும் ஸ்ட்ராட் சுவிட்சின் இரண்டாவது, நான்காவது நிலைகளுக்கு (நடு பிக்கப்பும் பக்கத்துப் பிக்கப் ஒன்றும் சேர்ந்து ஒலிப்பவை) ஈடாக நான் எதையும் கேட்டதில்லை. 1954இல் ஸ்ட்ராட் வந்தபோது சுவிட்சில் மூன்று நிலைகள்தான் இருந்தன. வாசிப்பவர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்தி அந்த ஒலியைக் கண்டுபிடித்தார்கள். 1977இல்தான் ஃபெண்டர் ஐந்து நிலை சுவிட்சைப் போட்டது. மூன்றும் சிங்கிள் காயிலாக இருந்து, நடு பிக்கப்பின் சுற்றும் காந்த முனையும் மற்றவற்றுக்கு எதிராக இருந்தால் அந்த இரண்டு நிலைகளிலும் ஹம்மும் அடங்கிவிடும்.

ஆகவே என் பதில்: பிரிட்ஜில் மட்டும், சிங்கிள் காயில் அளவிலேயே வரும் மிதமான ஹம்பக்கர் ஒன்று. முழு அளவு வாங்கினால் பிக்கார்டை, அதாவது கிட்டாரின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை, வெட்ட வேண்டும், கிட்டாரைப் பொறுத்து மரத்தையும் குடைய நேரலாம். நான்கு வயர் வருகிற மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு சுருளை அணைத்தால் பழைய ஸ்ட்ராட் ஒலிக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

என் 16 கிலோ ஓம் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. அந்த ஹம்பக்கரைப் போட்டபோது வால்யூம் பாட், அதாவது வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடை, அதை நான் மாற்றவில்லை. ஸ்ட்ராட்டில் இருப்பது 250 கிலோ ஓம் பாட்; ஹம்பக்கருக்கு வழக்கமாகப் போடுவது 500. அந்தப் பாட் மதிப்பு குறைந்தால் உச்சத்து ஒலி இன்னும் மழுங்கும். ஏற்கெனவே இருண்ட பிக்கப்பின் மேல் போர்வையும் போர்த்தியது போல ஆகிவிட்டது. நீங்கள் பிக்கப்போடு சேர்த்து 500 கிலோ ஓம் பாட் ஒன்றும் வாங்கிவிடுங்கள். மற்ற இரண்டு சிங்கிள் காயில்களும் அதனால் சற்று கூர்மையாகும், டோன் குமிழைக் கொஞ்சம் இறக்கினால் சரியாகிவிடும். கேபிளும் இப்படித்தான், நீளம் கூடக் கூட உச்சத்தைத் தின்னும். வீட்டில் பத்து மீட்டர் கேபிள் போட்டு வாசித்தபடி டோனைக் குறை சொல்லாதீர்கள்.

மாட்டி முடித்ததும் இரண்டாவது நிலையில் ஒரு கார்டு அடியுங்கள். ஒலி சூம்பிப்போய், அடிப்பகுதியே இல்லாமல் கேட்டால் புது பிக்கப்பும் நடு பிக்கப்பும் எதிரெதிர் ஃபேஸில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் சிக்னல் ஏறும்போது மற்றதன் சிக்னல் இறங்குகிறது. பயப்பட வேண்டாம். ஹம்பக்கரின் சிக்னல் போகும் (ஹாட்) வயரையும் எர்த்துக்குப் போகும் வயரையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். உறை இல்லாத வெறும் வயர் மட்டும் எர்த்திலேயே இருக்கட்டும். கழற்றிய பழைய பிக்கப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் அடியில் மார்க்கரால் "பிரிட்ஜ்" என்று எழுதி, புது பிக்கப் வந்த டப்பாவிலேயே வைத்துவிடுங்கள்.