தண்டுவடக் காயம்: கால்களைப் பார்த்துக்கொண்டே தோலை விட்டுவிடாதீர்கள்

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. ஏழு வாரங்களுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்ததில் முதுகில் டி12 எலும்பு (நெஞ்சுப் பகுதி முதுகெலும்புகளில் கடைசி) நொறுங்கிவிட்டது. அறுவை சிகிச்சை செய்து கம்பியும் ஸ்க்ரூவும் வைத்திருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. சிறுநீருக்குக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போது நடப்பான் என்று கேட்டால், "பார்க்கலாம்" என்கிறார் மருத்துவர். எண்ணெய் தேய்த்து அழுத்திவிடும் உழிச்சலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்கிறார் அம்மா. நிலத்தை விற்று ஸ்டெம்செல் ஊசி போடலாம் என்கிறார் மாமா. தம்பிக்குத் திருமணமாகி இரண்டு வருடம்தான் ஆகிறது, குழந்தை இல்லை. அவன் யாரிடமும் பேசுவதில்லை. அம்மாதான் சோறு ஊட்டுகிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி)

பதில்: நிலத்தை இப்போது விற்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம்செல் ஊசி இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் முறையாக ஒப்புதல் பெற்ற ஆய்வுகளுக்குள் மட்டுமே அதை அனுமதிக்கின்றன. அப்படிப்பட்ட ஆய்வில் சேருபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அவற்றில் இருக்கிறது. ஆகவே லட்சக்கணக்கில் பணம் கேட்பவர் ஆய்வு செய்யவில்லை, வியாபாரம் செய்கிறார்.

உழிச்சலும் இப்போது வேண்டாம். ஏழு வாரத்தில் எலும்பு முழுதாகக் கூடியிருக்காது. உணர்வில்லாத தோலில் எண்ணெய் சூடாக இருந்தால் வெந்துபோகும், தம்பிக்குத் தெரியாது. அசையாமல் கிடக்கும் கால்களின் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். அதை அழுத்தித் தேய்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடும் ஆபத்தும் உண்டு. அம்மாவின் கை சும்மா இருக்க மறுக்கும் என்பது தெரியும். மூட்டுகள் இறுகாமல் கால்களை மெதுவாக மடக்கி நீட்டும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் அவர் கற்றுக்கொள்ளட்டும்.

இனி, மருத்துவர் "பார்க்கலாம்" என்றது ஏன்? டி12 எலும்பு இருக்கும் இடத்தில் தண்டுவடம் முடியும் தறுவாயில் இருக்கிறது. கால்கள், சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றுக்கான நரம்புகளின் மூலம் அந்த நுனியில்தான். அது எவ்வளவு நசுங்கியது என்பதைப் படங்கள் மட்டும் சொல்லிவிடாது. மருத்துவர் ஊசிமுனையாலும் பஞ்சாலும் தொட்டுப் பார்ப்பார், ஆசனவாயில் உணர்வும் இறுக்கமும் இருக்கிறதா என்று சோதிப்பார். அதை வைத்து ஏ முதல் இ வரை ஒரு தரம் கொடுப்பார். அடுத்த முறை போகும்போது, "எந்தத் தரம்? ஆசனவாயில் உணர்வு இருக்கிறதா?" என்று கேளுங்கள். அங்கே உணர்வு கொஞ்சமேனும் மிஞ்சியிருந்தால் காயம் முழுமையானதல்ல, மீட்சிக்கு இடம் கூடுதல். ஒன்றுமே இல்லை, ஏ தரம் என்றால், பெரும்பாலோர் துணையின்றி நடக்கும் நிலைக்குத் திரும்புவதில்லை. திரும்பி வரும் நரம்பு வலிமையில் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களில் வந்துவிடும். அதன்பின் வருவது சிறிது சிறிதாகத்தான்.

கசப்பான செய்திதான். ஆனால் டி12 காயத்தில் கைகளும் நெஞ்சும் வயிற்றுத் தசைகளின் பெரும்பகுதியும் தம்பிக்கு முழுதாக இருக்கின்றன. இந்த அளவில் அடிபட்டவர்கள் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தாமே மாறுகிறார்கள், குளிக்கிறார்கள், உடுத்துகிறார்கள், பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறார்கள். கேலிப்பரும் (காலில் கட்டும் தாங்கி) ஊன்றுகோலுமாகச் சில அடி நடக்கவும் சிலரால் முடியும். அதில் மூச்சு வாங்கும் அளவைப் பார்த்துவிட்டு, அன்றாடத்துக்கு நாற்காலியே போதும் என்று பலர் தாங்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த முடிவைத் தோல்வி என்று வீட்டார் நினைப்பதில்தான் எனக்கு வருத்தம்.

இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை, தண்டுவடம் அடிபட்டவர்களில் மிகப் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தார்கள். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் தனிப் பிரிவு தொடங்கிய மருத்துவர் லுட்விக் குட்மன், நோயாளிகளை இரவும் பகலும் முறைவைத்துத் திருப்பிப் படுக்கவைத்தும், சிறுநீர்ப்பையைச் சுத்தமாக வைத்தும் அந்த நிலையை மாற்றினார். இன்றும் வீடுகளில் தோற்பது இந்த இரண்டு இடங்களில்தான். எல்லோரும் கால் விரல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், பின்பக்கம் புண் வந்திருக்கும்.

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். காற்று மெத்தை வாங்கிவிட்டோம், திருப்ப வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். அது திருப்புவதற்கு மாற்று அல்ல. நடுவில் ஓட்டையுள்ள டியூப் போன்ற காற்று வளையத்தை உறவினர் யாராவது வாங்கி வந்தால், நன்றி சொல்லிப் பரணில் போட்டுவிடுங்கள். அது சுற்றிலும் அழுத்தி, நடுத்தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. நாற்காலியில் உட்காரத் தொடங்கியபின் 15 முதல் 30 நிமிடத்துக்குள் ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் அழுத்தத்தை எடுக்க வேண்டும். இதை நினைவூட்டும் பொறுப்பு உங்களுடையது அல்ல, தம்பியின் கைப்பேசி அலாரத்துடையது.

காலையும் இரவும் தோலைப் பாருங்கள்: வால் எலும்பு, உட்காரும் எலும்புகள், இடுப்பின் இரு பக்கம், கணுக்கால், குதிகால். தோல் சிவந்திருக்கிறதா பாருங்கள் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதாவாகவோ இருந்தால், தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அது எச்சரிக்கை. விரலால் அழுத்தி எடுத்தபின்னும் நிறம் மாறாவிட்டால், அது மறையும்வரை அந்த இடத்தில் படுக்கவோ உட்காரவோ கூடாது. தேய்க்கவும் கூடாது. படுக்கை விரிப்பின் மடிப்பு, கைலி முடிச்சு, கால்சட்டைப் பின்பையின் தடித்த தையல், பையில் கிடக்கும் சில்லறை எல்லாம் புண் ஆக்கும். சுடும் டீ தம்ளரை மடியில் வைப்பதும், வெயிலில் நின்ற வண்டி சீட்டில் உட்காருவதும், வெந்நீர் ஒத்தடமும் கூடாது. முட்டை, பருப்பு, மீன், பால் என்று புரதம் தாராளமாக வேண்டும். படுத்தபடி இருப்பவருக்குச் செரிக்காது என்று கஞ்சியோடு நிறுத்துவது வழக்கம், தவறான வழக்கம்.

சிறுநீர்க் குழாயை மாதக்கணக்கில் அப்படியே வைத்திருப்பது நல்லதல்ல. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தாமே மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறுநீரை வடித்துவிட்டு எடுத்துவிடும் முறையை 1972இல் அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடஸ் எழுதினார். இன்றும் அதுவே முதல் தேர்வு. கையைச் சோப்பால் கழுவுவது போதும். அறுவை சிகிச்சை அறைச் சுத்தம் தேவையில்லை. ஒரு முறையில் 400 முதல் 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளி நீண்டுவிட்டது என்று அர்த்தம். தம்பியின் விரல்கள் நன்றாக இருக்கும்போது இதைக் கற்றுக்கொள்ள வேண்டியவர் தம்பியே, மனைவியோ அம்மாவோ அல்ல. படுக்கை நனையும் என்று பயந்து தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். நாளைக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் குடிக்கட்டும். சிறுநீர் கலங்கியிருப்பது மட்டும் தொற்று ஆகாது. காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேன் வாழ்நாள் முழுவதும் தேவை.

மலம் கழிப்பதற்கும் கடிகாரம் வேண்டும். சாப்பிட்ட 20, 30 நிமிடத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தைத் தினமும் ஒரே வேளையில் பயன்படுத்த வேண்டும். டி12 காயத்தில் மலக்குடல் பெரும்பாலும் தளர்ந்திருக்கும், கையுறை போட்ட விரலில் ஜெல்லி தடவி எடுக்க வேண்டிவரும். கூச்சப்பட்டு ஐந்தாறு நாள் விட்டு, பிறகு பேதி மருந்து கொடுத்தால் நாற்காலியிலேயே விபத்து நடக்கும். அந்த அவமானத்துக்குப் பிறகு பலர் வெளியே வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

தம்பி பேசாமல் இருப்பதற்கு வருகிறேன். அம்மா சோறு ஊட்டுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கைகள் நன்றாக இருக்கும் 29 வயது ஆணுக்கு ஊட்டுவது, உனக்கு இனி ஒன்றும் முடியாது என்று நாளுக்கு மூன்று வேளை சொல்வதாகும். சவரம், கைப்பேசி, வங்கிக் கணக்கு, மருத்துவரிடம் கேள்வி கேட்பது எல்லாம் அவரிடமே இருக்கட்டும். கட்டிலருகே நின்று அவரைப் பற்றி அவர் தலைக்கு மேலே பேசாதீர்கள். "சீக்கிரம் நடந்துவிடுவாய்" என்று வருகிற உறவினர் ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போவதை வாசலிலேயே தடுத்துவிடுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாமல் நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வளராது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

குழந்தை பற்றிக் கேட்டது நல்லது. இதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை, மருத்துவர்களும் தாமாகச் சொல்வதில்லை. தாம்பத்தியம் முடிந்துபோய்விடவில்லை, மாத்திரைகளும் வேறு வழிகளும் இருக்கின்றன. இயல்பாக விந்து வெளியேறாவிட்டாலும் எடுத்துப் பயன்படுத்தும் மருத்துவ முறைகளால் தந்தையானவர்கள் பலர். மறுவாழ்வு மருத்துவரைத் தம்பியும் மனைவியும் மட்டும் தனியாகப் பார்க்கட்டும். மனைவியை இருபத்துநான்கு மணி நேரச் செவிலியாக ஆக்கிவிடாதீர்கள். இரவில் திருப்பும் முறையை நீங்களும் மற்றவர்களும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். தம்பியைத் தூக்கித் தூக்கி அம்மாவின் இடுப்பு போய்விடும் முன், கட்டிலிலிருந்து நாற்காலிக்குச் சறுக்கி மாற உதவும் நகர்த்தும் பலகை ஒன்று வாங்குங்கள்.

இவற்றையெல்லாம் கடிதத்தில் படித்துக் கற்க முடியாது. சில வாரம் மறுவாழ்வு மையத்தில் உள்நோயாளியாகத் தங்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966இல் தொடங்கியது. அதை உருவாக்கிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அதன்பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய ராமகிருஷ்ணனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. எது அருகில் என்று பார்த்துச் சேருங்கள்.

நிலத்தை விற்காமல் மிச்சப்பட்ட பணத்தில் இடுப்பு அகலம் அளந்து வாங்கிய நாற்காலி, நல்ல மெத்தை இருக்கை, வெஸ்டர்ன் கழிப்பறை இவற்றைச் செய்யுங்கள். கதவு குறைந்தது 32 அங்குலம் வேண்டும். வாசற்படி ஓரடி உயரம் என்றால் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டிவிடாதீர்கள், நாற்காலி பின்னால் கவிழும்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் இல்லாதது. வேலையில் நடந்த விபத்து என்பதால், வேலை கொடுத்தவரிடம் சட்டப்படி இழப்பீடு கோரலாம். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். வேலை கொடுத்தவர் கொஞ்சம் பணம் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம், விபத்துப் பதிவேட்டின் நகல், போலீஸ் புகார் இருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் தம்பி பதிவு செய்திருந்தாரா என்றும் பாருங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். தம்பியையும் அழைத்துப் போங்கள், படிவத்தை அவரே நிரப்பட்டும்.