பெயிண்ட் டப்பாவை இப்போது திறக்காதீர்கள்

கேள்வி: சென்ற ஆவணியில்தான் புதுவீடு குடிபுகுந்தோம். கார்த்திகை பிறந்ததும் படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஈரம் ஏறி, பட்டி பொரிந்து உதிர்கிறது. வெள்ளையாக உப்பும் பூத்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. மேஸ்திரி, "மழை ஓதம்தான், ஒரு கோட்டிங் அடித்தால் சரியாகிவிடும்" என்கிறார். மழை விட்டுப் பத்து நாளாகியும் காயவில்லை. அவருக்குக் கடைசித் தவணை ஐம்பதாயிரம் பாக்கி.
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நம் பக்கத்துக் களிமண்ணில் ஓதம் ஏறுவது உண்டுதான். ஆனால் அது ஒரு சுவரை மட்டும் பார்த்துப் பிடிக்காது. மற்ற அறைகளின் அடிச்சுவரையும் தடவிப் பாருங்கள். அங்கெல்லாம் காய்ந்திருந்தால் எனக்குக் குளியலறை மேல்தான் சந்தேகம்.

முதலில் குழாய். இரவு மேல்தொட்டியை நிரப்பி, மட்டத்தைக் குறித்துவிட்டு, காலைவரை யாரும் தண்ணீர் திறக்காதீர்கள். கழிப்பறை ஃப்ளஷ் டேங்கின் வால்வையும் மூடிவிடுங்கள். மட்டம் இறங்கியிருந்தால் சுவருக்குள் குழாய் கசிகிறது. கும்பகோணத்தில் என் வீட்டிலேயே இது நடந்தது. கண்ணாடி மாட்ட அடித்த ஆணி குழாயைத் துளைத்து, ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டும் இருந்தது. எட்டு மாதம் கழித்துத் துரு பிடித்ததும் கசிவு ஆரம்பித்தது. நாற்பது வருடம் கட்டட வேலை பார்த்த நான் அதற்குள் இரண்டு முறை பெயிண்ட் அடித்திருந்தேன்!

மட்டம் குறையவில்லையா? அடுத்தது தரை. தண்ணீர் போகும் துளையைத் துணிப்பந்தால் இறுக அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, கொஞ்சம் சொட்டு நீலம் கலந்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். நீலம் சுவரில் தெரியாவிட்டாலும், தேங்கிய தண்ணீர் நன்றாகக் குறைந்தால் விஷயம் புரிந்துவிடும். பெரும்பாலும் அந்தத் துளைக்கு அடியில் பதிக்கும் வடிகால் கிண்ணமான நானி டிராப்பைச் சுற்றித்தான் ஓட்டை இருக்கும். டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமென்ட் தடவிவிட்டுப் போக மேஸ்திரியை விடாதீர்கள். டைல்ஸைப் பெயர்த்து, டிராப்பைச் சுற்றி நீர்க்காப்புப் பூச்சு போட்டுத்தான் திரும்பப் பதிக்க வேண்டும்.

அப்புறம் சுவர். ஈரம் தெரியும் இடத்துக்கு ஓரடி மேல்வரை பூச்சைச் செங்கல் தெரியக் கொத்திவிடுங்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உள்ளேயே திரும்பிப் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளுங்கள். கார்த்திகை, மார்கழிப் பனியில் சுவர் காயாது. மாசி வெயில் பட்ட பிறகு பூசினால் போதும். வருகிறவர்கள் கேட்டால் கேட்கட்டும்.

பாக்கிப் பணத்தைப் பற்றி. குறைகளைத் தேதியோடு படமெடுத்து, மேஸ்திரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வீடு கட்டித் தருவதும் சேவைதான். அவர் மசியவில்லை என்றால் 2 ஆண்டுக்குள் திருவாரூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் ஐம்பதாயிரம் உங்கள் கையில் இருக்கும்வரை அந்த அலைச்சல் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். வேலை முடிந்ததும் சொட்டு நீலத்தை இன்னொரு தடவை, அவர் எதிரிலேயே, கரைத்து ஊற்றிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.