வெளிநாட்டில் விரும்பி வாழ்ந்தவர்களுக்கு, யாழ்ப்பாணம் திரும்பியதும் சொந்த ஊரே ஏன் புதிதாகத் தெரிகிறது?

இதை 'மீள் பண்பாட்டு அதிர்ச்சி' என்பார்கள். பெயர்தான் பெரிது. வேறொரு நாட்டு வாழ்க்கைக்குப் பழகியவர் ஊர் திரும்பும்போது வரும் தடுமாற்றம், அவ்வளவுதான். 1963 இலேயே ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

புது நாட்டுக்குப் போகும்போது எல்லாம் வேறாக இருக்கும் என்று மனம் தயாராகிவிடுகிறது. ஊருக்கு வரும்போது யாரும் அப்படித் தயாராவதில்லை, நம்ம ஊர்தானே! ரொறன்ரோவில் பத்து வருடம் இருந்தவருக்கு, போன் பண்ணிவிட்டு வருகிற விருந்தாளிகள் பழகிவிட்டார்கள். இங்கே பக்கத்து வீட்டு மாமி படலையைத் திறந்து நேரே குசினி வரை வந்துவிடுவார். அன்புதான், ஆனாலும் ஒரு கணம் உடம்பு விறைக்கும். அப்புறம், "எப்ப திரும்பிப் போறியள்?" என்ற கேள்வி. பாசத்தோடு கேட்பதுதான் என்றாலும், வந்த அன்றே நம்மை விருந்தாளியாக்கிவிடுகிறது.

ஊரும் மாறியிருக்கிறது. 2014 இல் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது, 2019 இல் பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறந்தது. நம் நினைவில் உள்ள ஊர் மட்டும் நாம் புறப்பட்ட நாளிலேயே நிற்கிறது.

மத்தியான வெயிலில் முற்றத்தில் நின்றுவிட்டு உள்ளே வந்தால் கண் இருட்டும். வீடு அதே வீடுதான், கண்தான் வெளிச்சத்துக்குப் பழகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் தெரியும். இதுவும் அப்படித்தான், என்ன, மாதக்கணக்கு ஆகலாம்.

இதைப் பலர் 'வெளிநாட்டுத் திமிர்' என்று நினைக்கிறார்கள். அது தவறு, ஊரை உயிராக நேசிப்பவர்களுக்கும் இது வரும்.