ஞாபக சக்தி மாத்திரை, கவனம் கூட்டும் கேப்ஸ்யூல்: சீட்டு இல்லாமல் வாங்கிக் கொடுக்கலாமா?

கேட்டவர் தந்த விவரம் இவ்வளவு: மகள் பிளஸ் டூ, கூடவே நீட் வகுப்பு. படித்தது மண்டையில் நிற்கவில்லை என்கிறாள். வீட்டில் மாமியாருக்கு எழுபது தாண்டி மறதி ஆரம்பித்திருக்கிறது. ரெண்டு பேருக்கும் மெடிக்கலில் கேட்டதும் கொடுக்கிற ஞாபக சக்தி மாத்திரை வாங்கலாமா, பக்க விளைவு இருக்குமா என்பது கேள்வி.

மகளுக்கு வாங்காதீங்க. அந்தக் காசில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்க. மாமியாருக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கொடுக்காதீங்க. அவசரமாகப் படிக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்குக் காரணம் சொல்கிறேன்.

நான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்ட். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்றால் தமிழ்நாடு முழுக்க என்ன ஞாபகம் வரும் என்று உங்களுக்கே தெரியும்: ஹாஸ்டல் வைத்த பள்ளிக்கூடங்கள். தைப்பொங்கல் முடிந்ததும் எங்களுக்கு இந்தச் சரக்கு சீசன். கவுன்டருக்கு முன்னால் இருக்கிற இருமல் மருந்தெல்லாம் உள்ளே போய்விடும். மூளைப் படம் போட்ட டப்பாக்கள் கண்ணுக்கு நேராக வந்து உட்காரும். இதில் கடைக்காரர் ஆசையும் உண்டு. அரசு விலைக்கட்டுப்பாட்டில் இருக்கிற மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம்தான் லாபம் என்று 2013ம் வருஷத்து ஆணை சொல்கிறது. சத்து மாத்திரைக்கு அப்படிக் கட்டுப்பாடு கிடையாது. சுகர் மாத்திரையை விட இதை எடுத்துக் கொடுக்க ஏன் கை முந்துகிறது என்று இனிமேல் யாரும் கேட்கத் தேவையில்லை.

போன சீசனில் ஒருத்தர் வந்தார். பல்லடத்துப் பக்கம், தறி ஓட்டுகிறவர். பையன் இங்கே ஹாஸ்டலில்.

"அம்மிணி, பையன் படிச்சது எதுவும் நிக்க மாட்டேங்குதுங்கறான். வெல எத்தன ஆனாலும் பரவால்ல, நல்லதா ஒண்ணு குடு."

"எத்தன மணிக்குப் படுக்கறானுங்?"

"பதினொண்ணு ஆயிருமாம். காலைல நாலரைக்கு எழுப்பி உட்டுருவாங்களாம்."

"சளி, தும்மல் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"அதையேன் கேக்கற, மூக்கு ஒழுகாத நாளே இல்ல. வார்டன் தெனமும் ராத்திரிக்கு ஒரு மாத்தர குடுக்கறாரு."

ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மருந்து இருக்கும். ராத்திரி போட்டால் மறுநாள் காலை வகுப்பிலும் அதன் மந்தம் விலகாது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் படித்ததை மூளை பதிந்து வைப்பதே பெரும்பாலும் அந்தத் தூக்கத்தில்தான். இவனுக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம், அதுவும் மூக்கடைப்போடு. இதற்கு எந்த டப்பாவில் மருந்து இருக்கிறது? தூக்கத்தை வரவழைக்காத அலர்ஜி மாத்திரைக்கு டாக்டரிடம் மாற்றி எழுதி வாங்கச் சொல்லி அனுப்பினேன். அவருக்குத் திருப்தி இல்லை. வெறுங்கையோடு ஹாஸ்டலுக்குப் போக மனசு வராமல், நாலு கடை தள்ளி வாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, டப்பாவுக்கு வருவோம். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. 14 இலக்கத்தில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருந்தால் அது சட்டப்படி உணவு வகை. கடலை மிட்டாய்க்கும் அதே துறையின் உரிமம்தான். பொடி எழுத்தில் "மருந்தாகப் பயன்படுத்த அல்ல" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். 2016ல் வந்த விதிகளின்படி அதைப் போட்டே ஆக வேண்டும். கடைக்கு வருவதற்கு முன்னால், அந்தத் தயாரிப்பு மறதியைக் குறைக்கிறது என்று மனிதர்களிடம் சோதித்துக் காட்டியிருக்க வேண்டிய கட்டாயம் அதற்குக் கிடையாது. ஆயுர்வேத உரிம எண் இருந்தால் வேறு துறை, வேறு விதி.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நம் நாட்டு மருந்து விதிகள் 1945ல் ஜே அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்தெந்தக் கோளாறைக் குணப்படுத்துவதாக ஒரு மருந்து சொல்லிக்கொள்ளவே கூடாது என்ற பட்டியல் அது. வழுக்கை, சிவப்பழகு, பிள்ளைகளை உயரமாக்குவது இவற்றோடு சேர்த்து, மூளைத் திறனைக் கூட்டுவதும் ஞாபக சக்தியை வளர்ப்பதும் அதில் இருக்கின்றன. அதாவது மருந்து என்று உரிமம் வாங்கியவன் இந்த வாக்குறுதியைக் கொடுக்க முடியாது. உணவு என்று உரிமம் வாங்கியவன் "மூளைக்குத் துணை", "கவனத்துக்கு ஊட்டம்" என்று பட்டும் படாமலும் எழுதி, கூடவே கண்ணாடி போட்ட பையன் படத்தையும் போட்டுவிடுகிறான்.

உள்ளே இருப்பது என்ன? பெரும்பாலும் நீர்ப்பிரமி, வல்லாரை, கிங்கோ என்ற மரத்தின் இலைச் சாறு, அமுக்கரா (அஸ்வகந்தா), ஒமேகா 3 கொழுப்பு, கொஞ்சம் பி வைட்டமின்.

நீர்ப்பிரமிக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. ஆரோக்கியமானவர்களுக்குத் தினமும் 300 மி.கி. அளவில் அதன் சாற்றைக் கொடுத்துச் செய்த சிறிய ஆய்வுகள் சிலவற்றில், படித்ததை நினைவுகூர்வதில் சின்ன முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பலன் தெரிய அந்த ஆய்வுகளில் 12 வாரம் போல ஆனது. மாசி மாதம் வாங்கி மார்ச் பொதுத்தேர்வுக்குக் கொடுத்தால் கணக்கு எங்கே பொருந்துகிறது? மாறாக வயிற்றுப் பிரட்டலும், அடிக்கடி வெளியே போவதும் முதல் வாரத்திலேயே வரலாம். பரீட்சை ஹாலில் அது வேறு தொல்லை.

வல்லாரை விஷயத்தில் ஊரில் என்னை அடிக்க வருவார்கள். எங்க அமுச்சி (அம்மாவின் அம்மா) உழவர் சந்தையில் வல்லாரைக் கட்டு கண்ணில் பட்டால் விடமாட்டார். துவையல் அரைத்துச் சுடுசோற்றில் போட்டுப் பிசைந்து ஊட்டுவார். ருசிக்கு நானும் இன்னும் சாப்பிடுகிறேன். ஆனால் அதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்து 2017ல் செய்த தொகுப்பாய்வில், நினைவாற்றலில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. கீரையாகச் சாப்பிடுங்க. கேப்ஸ்யூலில் அடைத்த சாறு கீரையை விடப் பல மடங்கு செறிவானது. அபூர்வமாக ஈரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது.

அமுக்கராவும் அப்படித்தான். மனப் பதற்றத்துக்கு ஓரளவு உதவலாம் என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது, ஈரல் பாதிப்பும் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023ல் இதைத் தடையே செய்தது. அந்தத் தடை அதிகப்படி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிற பெண்பிள்ளைக்கு மட்டும் நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

இணையத்தில் "நூட்ரோபிக்" என்று வருகிற வெளிநாட்டுச் சரக்கு இன்னும் மோசம். கவனம் கூட்டுவதாக அமெரிக்காவில் விற்கும் 10 தயாரிப்புகளைச் சோதித்து 2020ல் ஓர் ஆய்வு வந்தது. அந்த நாட்டில் அனுமதியே இல்லாத 5 மருந்துகள் அவற்றில் இருந்தன. உள்நாட்டு மூலிகை என்றால் நிம்மதி என்றும் நினைக்க வேண்டாம். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைப் பரிசோதித்த 2008ம் வருஷத்து ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. வளரும் பிள்ளையின் மூளைக்கு ஈயத்தைப் போலக் கெடுதல் செய்பவை குறைவு. எதைக் கூர்மையாக்க வாங்கினோமோ அதையே அது மழுக்கும்.

பையன்கள் கேன் கேனாகக் குடிக்கிற எனர்ஜி பானத்தையும் இதில் சேர்க்க வேண்டும். காஃபீன் உடனடியாக விழிப்பைத் தரும், அதில் சந்தேகமில்லை. இந்தப் பதிலில் வருகிற சரக்குகளிலேயே சொன்னதைச் செய்வது அது ஒன்றுதான். ஆனால் உள்ளே போனதில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ராத்திரி ஒன்பதுக்குக் குடித்தால் இரண்டு மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். அந்தக் கேனிலேயே குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று அச்சிட்டிருப்பார்கள்.

இப்போது உங்கள் மகளுக்கு வருகிறேன். மாத்திரையால் மூளை தெளிவது நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. உடம்பில் ஏதாவது குறைந்திருந்தால், அந்தக் குறையை நிரப்பும் மாத்திரை நன்றாகவே வேலை செய்யும். நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பாதிக்கு மேல்! சோர்வு, தலைவலி, வகுப்பில் தூக்கம், படித்தது ஏறாமை எல்லாம் இதிலிருந்தே வரலாம். ரத்தசோகை அளவுக்குப் போக வேண்டியதுகூட இல்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளி மாணவிகளில், இரும்புச்சத்து மட்டும் குறைந்து ரத்தசோகை வராதவர்களுக்கு 8 வாரம் இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களை விட, சொற்களைக் கற்று நினைவில் வைப்பதில் இவர்கள் முந்தினார்கள். 1996ல் வந்த ஆய்வு. இத்தனை பளபளப்பான டப்பாக்கள் வந்த பிறகும், பெண்பிள்ளைகளுக்கு நான் நம்பிச் சொல்கிற ஆய்வு இதுதான்.

ஆகவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு), தைராய்டு, பி12 வைட்டமின் பாருங்க. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்று கேளுங்க. அப்பாவோடு கடைக்கு வருகிற பிள்ளை இதை வாயே திறக்காது. அரசுப் பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கிற நீல இரும்பு மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிவது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த மாத்திரையை எறிந்துவிட்டு ஆயிரம் ரூபாய் டப்பா வாங்குகிறோம். டாக்டர் இரும்பு எழுதினால் டீயோடு போடக்கூடாது, டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. நம்ம பக்கம் டீ இல்லாமல் மாத்திரை உள்ளே போகாதே, அதனால் சொல்கிறேன். கண் பார்வையையும் ஒருமுறை பார்த்துவிடுங்க. போர்டு தெரியாமல் "மனசு நிக்கல" என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு.

சோதனையில் எல்லாம் சரியாக இருந்தால் விஷயம் படிக்கிற முறையில் இருக்கிறது. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட, புத்தகத்தை மூடி வைத்துத் தனக்குத்தானே கேள்வி கேட்டு எழுதிப் பார்ப்பது, நாள் கடந்து நினைவில் நிறுத்துகிறது என்பது பலமுறை சோதித்து உறுதியானது.

மாமியார் விஷயம் இதை விட முக்கியம். வயதானவர்களுக்குக் கிங்கோ என்று எழுதிய டப்பாவைத்தான் முதலில் நீட்டுவார்கள். 75 வயதுக்கு மேற்பட்ட 3,000க்கும் அதிகமானவர்களுக்கு ஏறக்குறைய ஆறு வருஷம் கிங்கோவையும் வெற்று மாத்திரையையும் பிரித்துக் கொடுத்து அமெரிக்காவில் பார்த்தார்கள். முதுமை மறதி நோய் வருவது குறையவில்லை என்று 2008ல் முடிவு வந்தது. பலனில்லை என்பதோடு போனால் பரவாயில்லை. இருதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கிங்கோ சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். எங்கள் கடையில் கிங்கோ கேட்டு வருகிறவர்களில் பலர் அதே பையிலிருந்து இருதய மாத்திரைச் சீட்டையும் எடுக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019ல் தந்த வழிகாட்டுதலும், மறதியைத் தடுப்பதற்காக பி, இ வைட்டமின், ஒமேகா கொழுப்பு, கலவைச் சத்து மாத்திரை எதையும் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. அதற்குப் பிறகு வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், தினசரி மல்டிவைட்டமின் சாப்பிட்ட முதியவர்களுக்கு நினைவாற்றலில் சின்னப் பலன் தெரிந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. மறதி நோயை அது தடுக்கிறதா என்பது வேறு கேள்வி.

அவருக்கு சுகர் இருந்து பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா, கூடவே தினமும் கேஸ் மாத்திரையா, கவிச்சி தொடாதவரா என்று பாருங்க. மூன்றுமே பி12ஐக் குறைக்கும். பி12 குறைந்தால் மறதி வரும், பாதம் மரத்துப் போகும், நடை தள்ளாடும். ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரிசெய்யக்கூடிய மறதி இது, காலம் தாழ்த்தினால் முழுதாகத் திரும்பாது. தைராய்டு குறைவு, மனச்சோர்வு, காது மந்தம் இவையும் மறதி போலவே தெரியும். தூக்க மாத்திரையும், குளோர்பெனிரமின் மாதிரி பழைய வகை அலர்ஜி மாத்திரையும் மறதியைக் கொண்டுவரும்.

அதனால் வீட்டில் அவர் சாப்பிடுகிற எல்லாவற்றையும், நாட்டுமருந்துக் கடைச் சூரணம், பக்கத்து வீட்டம்மா கொடுத்த மூட்டுவலி மாத்திரை உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்க. எதைச் சேர்க்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், எதை நிறுத்தலாம் என்று கேளுங்க.