ஆச்சியிடம் கேளுங்கள்: "நான் கட்டினா தப்பாம்மா?"

கேள்வி: ஆச்சி, எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். மகனுக்கு 8 வயது. போன தசராவுக்குக் குலசேகரப்பட்டினம் போயிருந்தோம். அங்கே சேலை கட்டிப் பூ வைத்து வேஷம் போட்டிருந்த ஓர் அண்ணனைப் பார்த்ததிலிருந்து, என் பழைய தாவணியைக் கட்டி, ஜிமிக்கி மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறான். அவன் அப்பா இரண்டு முறை அடித்துவிட்டார். "அந்த அண்ணன் கட்டினா சாமி, நான் கட்டினா தப்பாம்மா?" என்று கேட்கிறான். இந்த வருஷம் முத்தாரம்மனுக்கு நேர்ந்து வேஷம் கட்டவிட்டால் பழக்கம் போய்விடும் என்கிறார் மாமியார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் தாயி. குலசையில், அதாவது குலசேகரப்பட்டினத்தில், வேஷம் கட்டுகிறவர்கள் மாலை போட்டு, விரதம் இருந்து, கொடியேறியதும் காப்புக் கட்டி, வேஷத்தோடு வீடு வீடாகத் தர்மம் எடுத்து, அந்தக் காசை அம்மன் உண்டியலில் போடுகிறார்கள். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்காரம். நோய் தீர்ந்தால் வேஷம் கட்டுகிறேன் என்று நேர்ந்துகொள்வதும் நம் ஊர் வழக்கம்தான். ஆனால் உன் பிள்ளைக்கு என்ன நோய்? ஆசையாய் ஒரு தாவணி கட்டியதை நோயென்று அம்மன் முன்னால் கொண்டுபோய் வைக்காதே. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

அவன் கேட்டது நல்ல கேள்வி. நேராகவே பதில் சொல்லு: "தப்பில்லை ராசா. அந்த அண்ணன் அம்மனுக்கு நேர்ந்து கட்டுகிறார். நீ பிடித்துக் கட்டுகிறாய்." அப்புறம், நம் சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. மகுடம் என்கிற பறை அதிர, சேலையும் சலங்கையுமாக ஆடுகிற இருவரும் ஆண்கள். ஆழ்வார்திருநகரிக்கும் போய் வாருங்கள். நம்மாழ்வார் பெருமாளை நினைத்துப் பெண்ணாகவே உருகிப் பாடினார். அப்போது அவருக்குப் பராங்குச நாயகி என்று பெயர். மகளை நினைத்துத் தவிக்கிற தாயாகவும் பாடியிருக்கிறார். உனக்கும் அதைக் கேட்க ஆறுதலாக இருக்கும்.

என் தம்பிக்கு மொட்டை போடுவதற்கு முன்னால், அம்மா சடை பின்னி, தாழம்பூ வைத்து, பாவாடை கட்டிவிட்டு ஸ்டூடியோவில் படம் எடுத்தாள். அந்தப் படம் நடுவீட்டில் மாட்டியிருந்தது. அதே தம்பி ஏழு வயதில் என் பாவாடையைக் கட்டி ஆடினபோது, அந்தப் படத்துக்குக் கீழேயே வைத்து அப்பா பெல்ட்டால் அடித்தார். அவ்வளவுதான், ஆட்டத்தோடு பாட்டையும் விட்டுவிட்டான். எவ்வளவு நல்ல குரல்! இன்று அவன் பேரன் பேத்தி எடுத்தவன். திருநங்கையாக வளர்ந்திருந்தாலும் அந்த அடிக்கு நியாயம் கிடையாது. தடுக்காமல் நின்றேனே என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

உன் மகன் என்னவாக வளர்வான் என்று நீயும் நானும் இப்போதே தீர்மானிக்க வேண்டாம். நாளைக்கு அவனாக ஏதாவது சொன்னால் உட்கார்ந்து கேள். மாற்றித் தருகிறேன் என்று வைத்தியம் சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்பு. அப்படிச் செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமே 2021-இல் சொல்லியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்தால் டீச்சரிடம் நீயே போய்ப் பேசு. உன் வீட்டுக்காரரிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடு. அடி நிற்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசத் தயங்காதே.

குலசையில் வேஷம் கட்ட அவனுக்கே ஆசை வந்தால் அப்போது பார்க்கலாம், எந்த வேஷம் என்று அவனே சொல்லட்டும். இப்போதைக்கு நவராத்திரிக் கோலாட்டத்தில் சேர்த்துவிடு. தாவணி அவனுக்கு நீளம், காலில் தட்டும். உன் பழைய பாவாடை ஒன்றைக் குட்டையாக மடித்துத் தைத்து, நாடா கோத்துக் கொடு.