ஃபைலை எங்கேருந்து திறந்தீங்க? வேர்ட் சந்தேகங்கள், கேள்வி பதில்

காரைக்குடியில ரொம்ப காலமா டிடிபி வேலை பாக்குறேன். பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கோயில் வரவு செலவுன்னு எல்லாம் கைக்கு வரும். வேர்ட்ல ஃபைல் திறக்கிறது மூடுறதுல என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கு, ஒவ்வொண்ணா பாப்போம்.

தேவகோட்டை ஆச்சி: தம்பி, மக கல்யாணத்துக்கு சாமான் லிஸ்ட் மெயில்ல வந்துச்சு, அதைத் திறந்து ராத்திரி பூரா எவர்சில்வர் தனி, வெண்கலம் தனின்னு அடிச்சு சேவ் பண்ணித்தான் மூடினேன். காலையில மெயிலைத் திறந்தா பழைய லிஸ்ட்தான் நிக்குது. எங்க போச்சுப்பா?

பதில்: பதறாதீங்க ஆச்சி, சேவ் குடுத்திருக்கீங்கல்ல, கம்ப்யூட்டர்ல எங்கயாவது இருக்கத்தான் செய்யும். மெயில்ல வந்த ஃபைல் மெயில்ல அப்படியேதான் இருக்கும், நாம அதுல கை வைக்கவே முடியாது, அதைத் தட்டினதும் ஒரு காப்பி இறங்கி அந்தக் காப்பிதான் வேர்ட்ல திறக்குது. நீங்க அடிச்சதெல்லாம் அந்தக் காப்பியில. பிரௌசர்ல திறந்திருந்தா டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல கிடக்கும், அவுட்லுக்ல நேரா தட்டியிருந்தா கண்ணுக்குத் தெரியாத ஒரு டெம்பரரி ஃபோல்டர்ல கிடக்கும், அது எப்ப துடைச்சுப் போகும்னு சொல்ல முடியாது. அதனால மெயிலை விட்டுட்டு வேர்டைத் தனியா திறங்க, ஃபைல், ஓப்பன், ரீசன்ட்னு போனா கடைசியா திறந்ததெல்லாம் வரிசையா இருக்கும், உங்க லிஸ்ட் மேலயே நிக்கும். திறந்ததும் எஃப்12 அமுக்குங்க, சேவ் ஆஸ் பெட்டி வரும், டாக்குமென்ட்ஸ்ல பொண்ணு பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள வச்சிடுங்க.

இனிமே மெயில்ல வந்ததைத் திறந்தா மேல மஞ்சப் பட்டை வருதான்னு பாருங்க. வெளியிலேர்ந்து வந்த ஃபைலை வேர்ட் புரொடெக்டட் வியூல திறக்கும், படிக்க மட்டும்தான் விடும். தெரிஞ்சவங்க அனுப்பினதுன்னா எனேபிள் எடிட்டிங் குடுங்க, குடுத்த கையோட ஒரு எழுத்து அடிக்கிறதுக்கு முன்னாடி எஃப்12. முன்னப்பின்ன தெரியாத ஆள் அனுப்பினதுன்னா அந்தப் பட்டனையே தொடாதீங்க.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைத் தம்பி: அண்ணே, பழைய கொட்டேஷனைத் திறந்து பார்ட்டி பேரு, சதுர அடி மட்டும் மாத்தி சேவ் பண்றேன், பழைய பார்ட்டியோடது அழிஞ்சு போகுது. ரெண்டு தரம் ஆச்சு.

பதில்: தம்பி, பழைய பேர்லயே சேவ் குடுத்தா அது மேலதான் எழுதும். ஓப்பன் பெட்டியில ஃபைலை டபுள் கிளிக் பண்ணாம ஒரே ஒரு கிளிக்ல செலக்ட் பண்ணுங்க, ஓப்பன் பட்டன் பக்கத்துல ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அதுல ஓப்பன் ஆஸ் காப்பி இருக்கு, அது தனியா ஒரு காப்பி போட்டுத்தான் திறக்கும். தினமும் கொட்டேஷன் போடுற ஆளுக்கு இன்னும் நல்ல வழி, காலியான கொட்டேஷனை சேவ் ஆஸ்ல வேர்ட் டெம்ப்ளேட்னு வச்சிடுறது. அதை டபுள் கிளிக் பண்ணினா எப்பவும் பேர் வைக்காத புது ஃபைல்தான் வரும், மூலம் அப்படியே நிக்கும். ஒன்டிரைவ்ல, அதாவது மைக்ரோசாஃப்டோட இன்டர்நெட் சேமிப்புல வச்சு ஆட்டோசேவ் ஓடிக்கிட்டிருந்தா நீங்க சேவ் குடுக்காமலே பழசு மாறிடும், ஜாக்கிரதை.

பள்ளத்தூர் ஐயா: வளவு வீட்டுக்குப் பாகப்பிரிவினை டிராஃப்ட், எங்க ஆபீஸ்ல ரெண்டு கம்ப்யூட்டர், ஒரே ஃபோல்டர். திறந்தா வேற ஒருத்தர் எடிட் பண்றார், லாக்குன்னு சொல்லுது. யாருமே திறக்கலை.

பதில்: ஐயா, ஒரு ஃபைலைத் திறந்த உடனே வேர்ட் அதே ஃபோல்டர்ல டில்டே, டாலர்னு (~$) ரெண்டு குறியோட ஆரம்பிக்கிற குட்டி ஃபைல் ஒண்ணு போடும், யார் திறந்திருக்காங்கன்னு அதுல பேர் இருக்கும். ஒழுங்கா மூடினா அதுவும் போயிடும். கரண்ட் போனாலோ வேர்ட் தொங்கிட்டு பலவந்தமா மூடினாலோ அது அங்கேயே தங்கிடும், அப்புறம் திறந்தா ஆள் உள்ள இருக்கிறதா நினைச்சு வேர்ட் உங்களை நிறுத்துது. முதல்ல ரெண்டு கம்ப்யூட்டர்லயும் வேர்டை மூடுங்க, டாஸ்க் மேனேஜர்ல வேர்ட் இன்னும் ஓடுதான்னு பாத்து எண்ட் டாஸ்க் குடுங்க. அப்பவும் போகலைன்னா ஃபோல்டர்ல ஹிடன் ஐட்டம்ஸ் காட்டச் சொல்லி அந்தக் குட்டி ஃபைலை மட்டும் அழிங்க. நிஜமாவே யாரும் திறந்து வைக்கலைன்னு கேட்டுக்கிட்டு அழிக்கணும், அவசரப்படக் கூடாது.

இன்னொண்ணும் சொல்றேன் ஐயா, ஏன்னா பத்திரத்துல இது பெரிய வில்லங்கம் ஆகும். லாக்குன்னு வந்ததும் பல பேர் காப்பி எடுத்து அதுல திருத்துறாங்க, ஒரு பங்காளி வாட்ஸ்அப்ல ஒண்ணு அனுப்புவார், இன்னொருத்தர் பென் டிரைவ்ல ஒண்ணு கொண்டாருவார், கடைசியில எல்லை விவரம் ஒண்ணுல சரி, பங்கு அளவு இன்னொண்ணுல சரின்னு கிடக்கும். திருத்துறது ஒருத்தர் கையில மட்டும் இருக்கட்டும், மத்தவங்களுக்கு பிடிஎஃப் அனுப்புங்க, பேர்ல தேதியைச் சேர்த்து வைங்க.

கானாடுகாத்தான்: எல்லாத்தையும் மூடாம ஒரே ஒரு ஃபைலை மட்டும் மூட என்ன பண்ணணும்?

பதில்: கன்ட்ரோல் டபிள்யூ. இப்ப வேர்ட்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி ஜன்னல்தான், மூலையில இருக்கிற பெருக்கல் குறி அந்த ஒண்ணைத்தான் மூடும்.

கோட்டையூர் அண்ணன்: மூடுறப்ப கேட்டதுக்கு அவசரத்துல டோன்ட் சேவ் குடுத்துட்டேன். மூணு பக்கம். திரும்ப வருமா?

பதில்: அண்ணே, பேரே வைக்காத புது ஃபைலா இருந்தா ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட், ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ். ஏற்கெனவே பேர் வச்ச ஃபைல்னா அதையே திறந்து இன்ஃபோல பாருங்க, சேவ் பண்ணாம மூடினதுன்னு ஒண்ணு நிக்கும். ரொம்ப நாள் வச்சிருக்காது, இன்னைக்கே பாருங்க. ஆட்டோரெக்கவர் சாதாரணமா 10 நிமிஷத்துக்கு ஒரு தரம்தான் எடுத்து வைக்கும், அதுக்குள்ள அடிச்சு மூடியிருந்தா ஒண்ணும் இருக்காது. ஆப்ஷன்ஸ்ல சேவ் பகுதிக்குப் போய் 10ஐ 2 ஆக்கிடுங்க, நம்ம ஊர் கரண்டுக்கு அதுதான் சரி.

புதுவயல்: அப்பச்சி காலத்து ஃபைல், குடும்ப வரலாறு. திறந்தா ஒரே இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா இருக்கு. கெட்டுப் போச்சா?

பதில்: கெடலை, தயவு செஞ்சு அழிச்சிடாதீங்க! பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல அடிச்சது அது, அந்த எழுத்துரு உங்க கம்ப்யூட்டர்ல இல்ல, அவ்வளவுதான். போட்டுட்டுத் திறந்தா தமிழ் அப்படியே வரும். அப்புறம் கன்வெர்ட்டர்ல யூனிகோடுக்கு, அதாவது எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறைக்கு மாத்தி வேற பேர்ல சேவ் பண்ணுங்க. தமிழ்நாடு அரசே 2010ல யூனிகோடைத் தரமா அறிவிச்சிருச்சு, இனிமே அடிக்கிறதை அதுலயே அடிங்க. மாத்தினதை ஒரு தரம் கண்ணால படிச்சுப் பாத்துட்டு, பழைய ஃபைலையும் பத்திரமா வைங்க. ஆளுங்க போயிட்டா அந்தப் பேரெல்லாம் வேற யார்கிட்ட கேக்குறது?

அழகப்பா யூனிவர்சிட்டி தங்கச்சி: பென் டிரைவ்லேர்ந்தே திறந்து புராஜெக்ட் அடிக்கலாமா? லேப்ல லிப்ரே ஆபீஸ், வீட்ல வேர்ட்.

பதில்: வேண்டாம்மா. டெஸ்க்டாப்புக்கு காப்பி போட்டுத் திற, முடிச்சு மூடினப்புறம் பென் டிரைவுக்குப் போடு, இஜெக்ட் குடுத்து எடு. ஃபைல் திறந்திருக்கிறப்பவே உருவினா அரைகுறையா எழுதி நின்னுடும். லிப்ரேல மூடுறப்ப வேர்ட் ஃபார்மேட்டா, அதோட சொந்த ஃபார்மேட்டான ஓடிஎஃப்ஃபான்னு கேட்டா வேர்டையே வச்சுக்க, டேபிளும் பக்க எண்ணும் லேசா நகரும், சப்மிட் பண்றதுக்கு முன்னாடி வீட்ல ஒரு தரம் பாத்துடு.

காரைக்குடி அக்கா: அப்பச்சி மணிவிழா மலர், ஃபைல் கரப்ட்னு திறக்கவே மாட்டேங்குது தம்பி. போட்டோ எல்லாம் அதுலதான்.

பதில்: அக்கா, முதல்ல அந்த ஃபைலை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கங்க. ஓப்பன் பெட்டியில ஓப்பன் பட்டன் பக்கத்து அம்புக்குறியில ஓப்பன் அண்ட் ரிப்பேர் இருக்கு, அதைப் போடுங்க. வரலைன்னா, டாக்எக்ஸ்னு பேர் முடியுற இப்போதைய வேர்ட் ஃபைல்ங்கிறது உள்ளுக்குள்ள ஒரு ஜிப் ஃபைல்தான், அதனால காப்பியோட பேர்க் கடைசியில டாக்எக்ஸ்ங்கிறதை ஜிப்னு மாத்தித் திறங்க, வேர்ட்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள மீடியான்னு ஒண்ணு, போட்டோ எல்லாம் அதுல தனித்தனியா கிடக்கும். பழைய டாக் ஃபைல்னா இந்த வழி நடக்காது. எழுத்தும் வரலைன்னா ஃபைலை எடுத்துக்கிட்டு கடைக்கு வாங்க, ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம், அதுவரைக்கும் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து சேவ் பண்ணாதீங்க.